எந்த ஸ்கோப்புங்க நல்லது?

புடவைக் கடைக்காரனிடம் பேரம் பேசுவார்கள், மருந்துக் கடைக்காரனிடம் யோசனை கேட்பார்கள், துப்பாக்கியில் பொருத்துகிற ஸ்கோப் விற்கிறவனிடம் மட்டும் "எதுங்க நல்லது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எதிர்வீட்டு மாடியைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்றே கால் வீங்கிப்போன என் இனத்தாரே, நீங்கள் செருப்பு விற்றாலும் சரி, ஃப்ரிட்ஜ் விற்றாலும் சரி, இது உங்கள் கதையும்தான். எங்கள் கடை டெல்லி ஜனக்புரியில் இருக்கிறது. போட்டிக்குச் சுடுகிறவர்களுக்கான சாமான்களை விற்கிறோம். நான் கவனிப்பது ஒன்றிலிருந்து ஆறு மடங்கு, எட்டு மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்புகளை. ஒரே போட்டியில் பத்து மீட்டரில் ஒரு தகடு, நூறு மீட்டரில் ஒரு தகடு வைத்து, கையில் ஸ்டாப்வாட்சோடு நிற்பார்கள். கிட்டத்தில் இருப்பதை ஒரு மடங்கில் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு அடிக்க வேண்டும், தூரத்தில் இருப்பதை ஆறில் வைத்து அடிக்க வேண்டும். அதற்குத்தான் இந்த சாமான்.

இதில் என்ன கலாட்டா இருக்க முடியும் என்று கேட்பீர்கள். ஆர்.கே.புரத்து மல்லிகா மேடத்துக்கு மூன்று வருஷமாகக் கைநழுவிக்கொண்டிருந்த ஒரு டீம் இடம், நான் எழுதிக் கொடுத்த ஒரே ஒரு தாளால் நாலாவது தடவையும் போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் நான் எப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் பிழைக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

ஆறா, எட்டா?

ரோத்தக் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கூட அண்ணன், மச்சான், மச்சானுடைய நண்பர். ஸ்கோப் வாங்கவும் பெண் பார்க்கவும் இந்த ஊரில் ஒரே கூட்டம்தான் போகும். ஆறு மடங்கு ஸ்கோப், எட்டு மடங்கு ஸ்கோப் இரண்டையும் மேசையில் வைத்தேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை.

"உங்கள் போட்டியில் நூறு மீட்டருக்கு மேல் தகடே கிடையாது. ஆறு போதும். படம் பளிச்சென்று இருக்கும், எடையும் கம்மி" என்று அரைமணி நேரம் தொண்டைத் தண்ணீர் வற்ற ஹிந்தியில் விளக்கினேன். நாலு பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். சரி, இன்றைக்கு ஒரு மனுஷனாவது நான் சொன்னதைக் கேட்டான் என்று ஆறு மடங்கின் பெட்டியைக் கையில் எடுத்தேன். மச்சான் என் கையைப் பிடித்துத் தடுத்தார்: "பையா, ஆறு பேர் உட்கார்ற காரும் எட்டுப் பேர் உட்கார்ற காரும் ஒரே விலைன்னா, எவனாவது ஆறு பேர் காரை வாங்குவானா?"

தண்ணீர்த் தொட்டி

ஸ்கோப்பைத் துப்பாக்கி இல்லாமல், ஒரு மரத் தாங்கியில் வைத்துத்தான் காட்டுவோம். ஆனால் எதைப் பார்ப்பது? எதிர்வரிசையில் நாலு வீடு தள்ளி மூன்றாவது மாடியில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. அதில் வெள்ளை எழுத்தில் கம்பெனி பெயர், அடியில் பொடி எழுத்தில் கொள்ளளவு. கண் டாக்டர் சுவரில் மாட்டுகிற அட்டை தோற்றது போங்கள். பொடி எழுத்து தெரிந்தால் நல்ல ஸ்கோப், தெரியாவிட்டால் கையிலிருக்கிற பணத்துக்கேற்ற ஸ்கோப்.

ஒருநாள் அந்த வீட்டுக்கார அம்மாள் விடுவிடுவென்று கடைக்குள் நுழைந்தார். கையிலிருந்த ஸ்கோப்பை மேசைக்கு அடியில் தள்ளினேன். வீட்டுப் பக்கம் கண்ணாடி வைத்துப் பார்க்கிறோம் என்று போலீசுக்குப் போனால்? "மாதாஜி, சத்தியமா தொட்டியை மட்டும்தான்..." என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்: "அதான் கேக்கறேன். தினமும் பத்துப் பேர் என் தொட்டியைப் பாக்கறீங்க, அது நிரம்பி வழியுதுன்னு ஒருத்தனாவது ஒருநாள் போன் பண்ணிச் சொன்னீங்களா?"

கர்னல் சாஹிபும் வளையமும்

ஸ்கோப்பில் கண் வைக்கிற முனையில் ஒரு வளையம் உண்டு. பார்க்கிறவர் கண்ணின் பவருக்கு ஏற்ப அதைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஒருவர் திருப்பி வைத்ததில் இன்னொருவர் பார்த்தால் எல்லாம் கலங்கலாகத் தெரியும். அதனால் எங்கள் கடையில் ஒரு சட்டம் இருக்கிறது: ஒவ்வொரு கஸ்டமர் போனதும் வளையத்தைப் பழையபடி நடுக்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சட்டம் போட்டவன் நான். ஸ்கோப் பொருத்துகிற எங்கள் குல்தீப் ஒருநாள் மறந்ததற்கு அவரை ஒரு வாரம் பாடாய்ப் படுத்தியவனும் நானேதான்.

சனிக்கிழமைதோறும் காலையில் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் வருவார். இன்று வரை ஒரு திருகாணி வாங்கியதில்லை. சோடாப்புட்டிக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார், கையில் கிடைத்த ஸ்கோப்பை எடுப்பார், வளையத்தை முனைவரை திருகுவார், தொட்டியைப் பார்த்துத் திருப்தியாக ஒரு உறுமல் விடுவார். "சாஹிப், கண்ணாடி போட்டுக்கிட்டே பாக்கலாமே" என்றேன் ஒருநாள். என்னைக் கீழிருந்து மேலாக ஒரு பார்வை பார்த்தார்: "முப்பது வருஷம் நான்தான் எல்லாத்துக்கும் அட்ஜஸ்ட் ஆனேன். இப்ப சாமான் எனக்கு அட்ஜஸ்ட் ஆகட்டும்."

மல்லிகா மேடமும் என் தாளும்

மல்லிகா மேடம் கோயம்புத்தூர்ப் பக்கம். ஏதோ ஒரு அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். வாரம் முழுக்க ஃபைல், ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி. அவருடைய கிளப்பின் பெண்கள் டீமில் நாலு இடம். மூன்று வருஷமாக ஐந்தாவதாகவே வந்துகொண்டிருந்தார். அவரிடம் இருந்த பழைய ஸ்கோப் நாலு மடங்கில்தான் ஆரம்பிக்கும். கிட்டத்துத் தகட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பக்கத்து லேன்காரி சுட்டு முடித்து ரிசல்ட்டும் கேட்டிருப்பாள். இன்னும் இரண்டு வாரத்தில் தேர்வு, அடுத்த வருஷம் வயதுப் பிரிவு மாறிவிடும், இதுதான் கடைசி வாய்ப்பு என்று போனில் சொன்னார்.

எனக்கு வீராவேசம் வந்துவிட்டது. ஊர்க்காரருக்கு இல்லாத உழைப்பா? சனிக்கிழமை காலை, கர்னல் கிளம்பிப் போனதும், மூன்று ஸ்கோப்பை வரிசையாக வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தொட்டியையே பார்த்தேன். கம்பெனிப் பெயர் எதற்கு? பெரியண்ணன், நடுவிலான், கடைக்குட்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரியண்ணன் கனம், ஆனால் ஓரம்வரை தெளிவு. நடுவிலான் பரவாயில்லை ரகம். கடைக்குட்டி லேசு, குறிபார்க்க நடுவில் எரிகிற சிவப்புப் புள்ளி பிரகாசம், ஆனால் படம் ஒரே கலங்கல். அத்தனையையும் கட்டம் போட்டு முழுத் தாளில் தமிழில் எழுதினேன். கீழே சிவப்பு மையில் 'கடைக்குட்டி வேண்டவே வேண்டாம்' என்று கோடும் இழுத்தேன்.

சாயங்காலம் மேடம் வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கடைக்குட்டியை எடுத்தார். "இது பளிச்சுன்னு இருக்குதுங்களே தம்பி!" என்றார். மற்ற இரண்டுக்கும் அவர் கண்ணுக்குத் தகுந்தபடி வளையத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது, இதற்கு மட்டும் திருப்ப வேண்டியே இருக்கவில்லை. அப்போதே என் மண்டையில் உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. "மேடம், ரெண்டு மணி நேரம் பாத்து எழுதியிருக்கேன்" என்று தாளை நீட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், கடைக்குட்டியைப் பார்த்தார், கண்ணைக் கசக்கிக்கொண்டார். "சரிங்க, இத்தன நேரம் பாத்து எழுதியிருக்கறீங்க. என்ற கண்ணுல தானுங்க ஏதோ கோளாறு."

பழகிவிடும்

பெரியண்ணனை வாங்கிப் போன மேடம் புதன்கிழமை போன் செய்தார். துப்பாக்கியைத் தோளுக்கு எடுத்தால் படம் வருவதற்கு முன்னால் ஓரத்தில் கறுப்பு வட்டம் வருகிறதாம். கண்ணை ஒரு விரல் அகலம் தள்ளி வைத்தாலும் இருட்டாம். தகடு சுடுவதைவிட அந்த இருட்டைத் துரத்துவதிலேயே நேரம் போகிறதாம். "பழகிடும் மேடம்" என்றேன். ஜவுளிக் கடையில் "துவைச்சா சரியாயிடும்" என்பார்களே, அதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

சனிக்கிழமை வழக்கம்போல கர்னல் வந்தார். கண்ணாடியைக் கழற்றினார், கடைக்குட்டியை எடுத்தார், கண்ணை வைத்தார். வளையத்தைத் தொடவேயில்லை. அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. போன வாரம் அவர் திருகி வைத்துப் போனதை நான் நடுக்கோட்டுக்குக் கொண்டுவரவில்லை! வேண்டவே வேண்டாம் என்று எழுதியபின் அதை வேறு யாருக்கும் எடுத்துக் காட்டவும் இல்லை. அவர் கண்ணுக்கு வைத்ததை என் கண்ணால் பார்த்துவிட்டு, ஸ்கோப் கலங்கல் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். கிட்டத்தட்ட அதே பவருள்ள மேடத்துக்கு அது பளிச்சென்று தெரிந்ததில் என்ன ஆச்சரியம்? கர்னல் என்றைக்கும் இல்லாத பிரியத்தோடு என் முதுகில் தட்டினார்: "போன வாரம் நான் வச்ச இடத்துலயே பத்திரமா விட்டிருக்கியே! டெல்லியில எனக்கு மரியாதை தர்ற ஒரே கடை இதுதான்."

முதலாளியின் தத்துவம்

வளையத்தை நடுவில் வைத்துப் பார்த்தேன். கடைக்குட்டி தெளிவாகவே இருந்தது. அதைவிட முக்கியம், கண்ணை இப்படி அப்படி நகர்த்தினாலும் இருட்டு வரவேயில்லை. மேடத்துக்கு வேண்டியிருந்தது இதுதான். குல்தீப் எழுந்து வந்தார். நான் போட்ட சட்டம் எழுதிய அட்டையைச் சுவரிலிருந்து கழற்றி, துடைத்து, என் மேசைக்கு நேராக மாட்டிவிட்டுப் போனார். வெட்கத்தில் என்னால் நிமிர முடியவில்லை.

முதலாளி சாவ்லாஜியிடம் போய், மேடத்திடம் உண்மையைச் சொல்லி மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் நல்ல மனிதர், ஆனால் கடைக்காரர். லஸ்ஸி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்: "பேட்டா, நாமளா போய் ஒருத்தர்கிட்ட தப்புன்னு சொன்னா, மத்த கஸ்டமரெல்லாம் அவனவன் ஸ்கோப்பை எடுத்துப் பாக்க ஆரம்பிச்சுடுவான்."

மெட்ரோவில் கடைக்குட்டி

அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை கடைக்குட்டியைச் சாப்பாட்டுப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஜனக்புரியில் மெட்ரோ ஏறப் போனேன். செவ்வாய் சாயங்காலம் மேடம் ஆர்.கே.புரத்து முருகன் கோயிலான மலை மந்திருக்கு வருவார் என்று தெரியும். சோதனை மெஷினில் பை போனதும் திரையில் பார்த்துக்கொண்டிருந்த காவலர் எழுந்தே நின்றுவிட்டார். பில்லைக் காட்டினேன், கடை அடையாள அட்டையைக் காட்டினேன், துப்பாக்கி இல்லை, வெறும் கண்ணாடிதான் என்று சத்தியம் செய்தேன். எனக்குப் பின்னால் நின்ற வரிசை 'ஜல்தி, ஜல்தி' என்று கத்தியது.

அவர் வாங்கிக் கண்ணை வைத்தார். அந்தக் கோடிவரை பார்த்தார். ஆறு மடங்குக்குத் திருப்பியும் பார்த்தார். பிறகு அவசரமாக என் பையில் திணித்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, காதோரம் கேட்டார்: "எங்க இன்ஸ்பெக்டர் வர்றது அந்தக் கடைசியிலேருந்தே தெரியுதே! இது என்ன விலை?"

படிக்கட்டில்

மலை மந்திர்ப் படிக்கட்டில் மேடத்தைப் பிடித்தேன். புது மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "கண்ணாடி நல்லா இருக்கு மேடம்" என்றேன். முறைத்தார். ஏன் முறைத்தார் என்று அப்போது புரியவில்லை.

"அக்கா, தப்பு என்மேல" என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் கொட்டினேன். கர்னல், வளையம், சிவப்பு மை, பழகிவிடும் என்று புளுகியது, எல்லாம். மேடம் என்பது எப்போது அக்கா ஆயிற்று என்று எனக்கே தெரியாது. அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பையை வாங்கிக்கொண்டார், தேர்வுக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினார். "குல்தீப்ப நாளைக்குக் காலையில ரேஞ்சுக்கு வரச் சொல்லுங்க. நீங்க வர வேண்டாம், எனக்குக் கோவம் வரும்."

ஞாயிற்றுக்கிழமை

வர வேண்டாம் என்றது புதன்கிழமைக்குத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டு, ஞாயிறு தேர்வுக்குப் போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். சாவ்லாஜியும் வந்திருந்தார், புது சட்டையில். மேடம் புதுக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். விசில் ஊதியதும் கிட்டத்துத் தகடுகள் டங் டங்கென்று விழுந்தன, ஒரு தடவைகூடத் தலையை ஆட்டி இருட்டைத் தேடவில்லை. ஆறுக்குத் திருப்பித் தூரத்துத் தகடுகளுக்குப் போனார். கடைசித் தகடு முதல் குண்டுக்கு விழவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டாவதுக்கு விழுந்தது. நேரத்தைக் கூட்டிக் கழித்து அறிவித்தார்கள்: நாலாவது இடம். மேடம் அங்கேயே பாயில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். குல்தீப் என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார்.

சாவ்லாஜி முன்னால் ஓடி, "எங்கள் கடை ஸ்கோப்!" என்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலியோரம் வந்தார். பையிலிருந்து அந்தப் புது மூக்குக்கண்ணாடியை எடுத்து என் கையில் வைத்து மூடினார்: "உங்க தாளப் படிச்சுப்போட்டு, என்ற கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு டாக்டர்கிட்டப் போயி இத வாங்கினனுங்க. ரெண்டு வாரமா தலவலி. அடுத்த தடவ ஸ்கோப்பு பாத்து எழுதறப்ப நீங்களே போட்டுக்கங்க தம்பி."

அந்த மூக்குக்கண்ணாடி இப்போது எங்கள் கடைக் கண்ணாடி அலமாரியில் ஸ்கோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது, எது நல்லது என்று யாராவது கேட்டால் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் வாயைத் திறக்கிறேன்.