வெள்ளைத் தொட்டியில் தெளிந்த நீர்

கடல் அட்டைக் குஞ்சு பொரிக்கும் கூடத்தில் அவளைத் தொட்டிக்காரி என்றே அழைத்தார்கள். படகில் வரும் தாய் அட்டைகளை வாங்கி, மணல் பரப்பிய தொட்டிகளில் இளைப்பாற விடுவது அவள் வேலை.

அவற்றைக் கொண்டு வருபவன் அவளுடைய கொழுந்தன். முன்பு அவள் கணவனும் அதே படகிலிருந்து மூழ்கி அட்டை எடுத்தவன்தான். காது வலிக்கிறது என்றவனைத் தம்பி மறுபடியும் ஆழத்துக்கு அனுப்பினான். இரு காதுகளும் போயின. "அண்ணன் குடிச்சிட்டு எறங்கினாரு" என்று ஊரெல்லாம் சொல்லித் தம்பி தப்பித்துக்கொண்டான். அண்ணனோ குடியைத் தொட்டறியாதவன்.

அவள் சண்டை போடவில்லை. மனத்துக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

நெருக்கினாலோ வெயிலில் வாட்டினாலோ, கடல் அட்டை தன் குடலையே வெளியே தள்ளிவிடும். பெரும்பாலும் சாகாது, சில மாதங்களில் புதுக் குடல் வளரும். அதுவரை இனப்பெருக்கத்துக்கு உதவாது. கொழுந்தன் வாளியில் அட்டைகளைத் திணித்து வெயிலில் வைப்பான். குடல் தள்ளியவற்றைக் கழுவி மற்றவற்றோடு கலந்துவிடுவான். அவள் அவற்றை ஓரத் தொட்டியில் மறைத்துத் தேற்றிவந்தாள். கணவனின் காது போன பிறகும் அதை நிறுத்தவில்லை. முழுச் சரக்கையும் அப்படியே கொண்டுவரும் அளவுக்குக் கொழுந்தனுக்குத் துணிச்சல் வளரட்டும் என்று காத்திருந்தாள்.

யாரிடம் நிரந்தரமாக அட்டை வாங்குவது என்று மேலாளர் அம்மாள் முடிவு செய்யவிருந்த காலையில், அவள் அவன் சரக்கை மணலே இல்லாத வெள்ளைத் தொட்டியில் விட்டாள். மண்ணைத் தின்று வாழும் அட்டை, சற்று நேரத்தில் அதைக் கயிறு கயிறாகக் கழிக்க வேண்டும்.

மேலாளர் தேநீர் அருந்திவிட்டு வந்தார்.

"பாருங்க மேடம், தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. நம்ம சரக்கு அவ்வளவு சுத்தம்" என்றான் கொழுந்தன்.

"அதைத்தான் பாக்குறேன். ஒண்ணுகூட மண்ணு கழிக்கலையே. குடலை எல்லாம் வழியிலேயே எறக்கி வச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் அடுத்த படகுக்காரரிடம் நடந்தார்.

கொழுந்தன் அவள் பக்கம் திரும்பினான்.

"அண்ணி, எப்பவும் நீங்கதானே சமாளிப்பீங்க. இன்னிக்கு ஏன் இந்தத் தொட்டி?"

"அட்டைக்குக் குடல் திரும்ப வளரும், தம்பி. உங்க அண்ணனுக்குக் காது வளரலையே."

"வயித்தில அடிக்காதீங்க. எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்றேனே. நீங்க குடிச்சிட்டுப் படகு ஓட்டினீங்கன்னு சொல்லட்டுமா?"

அன்றே வேறொரு படகு தேர்வாயிற்று. மாலையில் அவள் நடந்ததைக் கணவனிடம் சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை. அவள் அருகில் அமர்ந்து, முதலிலிருந்து, ஒன்றையும் விடாமல், சுவருக்கு அப்பால் குடியிருந்த கொழுந்தனுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.