முப்பத்தொரு வருஷ முதுகு

லோத் ஆற்றங்கரை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் ஆர்லெத்துக்குச் சுள்ளென்று கோபம் வரும். பன்னிரண்டு தடவை சைக்கிளில் போய்வந்த இடம்தான். கஹோர் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்கள், கோபுரம் வைத்த பழைய பாலம், பாறை விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர்கள் எல்லாவற்றையும் அவள் தாண்டிப் போயிருக்கிறாள். தாண்டிப் போனதோடு சரி. அவள் பார்த்ததெல்லாம் ரோலானின் முதுகு. அவன் பிடரியில் எத்தனை மச்சம், எந்த மச்சம் எந்த வருஷம் வந்தது என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ரோலான் அவள் புருஷன். கல்யாணமான நாலாம் வருஷம் ஓர் இரட்டைச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றான். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சீட்டு, நாலு பெடல். முன்னால் உட்காருகிறவருக்கு ஹேண்டில்பார், பிரேக், கியர், மணி எல்லாம் உண்டு. பின்னால் உட்காருகிறவருக்கும் ஒரு ஹேண்டில்பார் உண்டு, ஆனால் அது திரும்பாது. சும்மா பிடித்துக்கொள்ளத்தான். பெடல்களை ஒரே சங்கிலி இணைத்திருப்பதால் அவன் மிதித்தால் இவளும் மிதிக்க வேண்டும், அவன் நிறுத்தினால் இவளும் நிறுத்த வேண்டும். யார் முன்னால் என்ற பேச்சே எழவில்லை. அவன் அப்போது பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவன், முன்னால் உட்கார்ந்தே பழகியவன். போதாததற்கு அவளைவிட முப்பது கிலோ கனம். கனமானவர்தான் முன்னால் உட்கார வேண்டும் என்று சைக்கிள் கிளப்பில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பக்கவாட்டில் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பார்க்கலாம்தான். ஆனால் பின்னால் இருப்பவர் தலையைத் திருப்பினால் வண்டி ஆடும். வண்டி ஆடினால் முன்னாலிருந்து "ஆடாதடி!" என்று குரல் வரும். ஆகவே அவளுக்கு வாய்த்தது வேலியும், வேலிக்கு மேலே கொஞ்சம் வானமும். வருவது தெரியாது, போனதுதான் தெரியும்.

வாரத்தின் மற்ற நாட்களில் அந்தக் கொஞ்ச வானமும் கிடையாது. அவர்கள் ஊரான சோமூர் பக்கத்துச் சுண்ணாம்புக் குகைகளில் காளான் பறிப்பது அவள் வேலை. நெற்றியில் விளக்கு, கையில் சின்னக் கத்தி, எந்நேரமும் ஈர வாடை. பதினேழு வயதில் உள்ளே போனவள் ஐம்பத்தைந்தில்தான் வெளியே வந்தாள். குளிர்காலமானால் இருட்டில் போய் இருட்டில் திரும்புவாள். வெளிச்சம் என்று ஒன்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமையையும் கொண்டுபோய் ஒரு முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்தால் கோபம் வருமா, வராதா?

அதற்குமேல் ஊர்க்காரர்களின் நக்கல். இரட்டைச் சைக்கிள் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் காப்பிக் கடை வாசலில் ஒருவன் கத்துவான்: "யோவ், பின்னாடி இருக்கிற அம்மா மிதிக்கவே இல்லய்யா!" சொல்கிற ஒவ்வொருவனும் அதைத் தானே புதிதாகக் கண்டுபிடித்ததுபோலச் சிரிப்பான். ரோலானும் ஒவ்வொரு தடவையும் கூடச் சிரிப்பான். அதுதான் அவளுக்குப் பொறுக்காது. ஏற்றத்தில் அவன் நைசாகக் காலைத் தளர்த்துவதும், பாரம் முழுக்கத் தன் முழங்காலில் இறங்குவதும் அவளுக்குத் தெரியாதா என்ன? இரண்டு பேர் மிதிக்கிற வண்டியில் ஒருவர் ஏமாற்றினால் மற்றவர் காலுக்குத் தெரிந்துவிடும்.

கிளப் அறையில் ஒரு பலகை தொங்குகிறது. யார் எத்தனை கிலோமீட்டர் போனார்கள் என்ற கணக்கு. அதில் "ரோலான் பெரோ, 71,000" என்று இருக்கிறது. ஆர்லெத்தின் பெயர் இல்லை. கிளப் தலைவர் எர்வேயிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"ஒரு வண்டிக்கு ஒரு பேருதாம்மா போடுறது. பலகையில இடம் வேணாமா?" என்றார் எர்வே.

"வண்டி ஒண்ணுதான். பெடல் நாலு இருக்கே, அதை எண்ணிப் பார்த்தீங்களா?"

எர்வே சிரித்து, அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்கள் தோளைத் தட்டும்போது வருகிற எரிச்சல் தனி.

இதெல்லாம் பழைய கோபம். புதுக் கோபம் போன செப்டம்பரில் வந்தது. கிளப்பின் மூன்று நாள் பயணம், வழக்கம்போல லோத் ஆற்றோரம். திராட்சை அறுவடை நேரம். டிராக்டர்கள் சாலை முழுக்க மண்ணை இறைத்திருந்தன. முதல் நாளே வண்டி இரண்டு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஆர்லெத்தின் நடு முதுகு கலங்கிவிட்டது. ரோலான் பள்ளத்தில் விடுகிறவனே அல்ல. "வெயில் கண்ணுல அடிச்சுது" என்றான். இரண்டாம் நாள், கார்கள் சைக்கிள் பாதைக்குள் வராமலிருக்க நட்டு வைத்த மரக்கட்டையில் நேராகக் கொண்டுபோய் மோதினான். இரண்டு பேரும் விழுந்தார்கள். அவள் முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வந்தது. "நேத்துவரைக்கும் இந்தக் கட்டை இங்க இல்ல" என்றான். பாசி பிடித்துக் கிடந்த கட்டை அது.

மூன்றாம் நாள் மதியம் மேட்டு நிலத்துக்கு ஏறும் நீண்ட ஏற்றம். ரோலானுக்குப் பசித்தது. அவன் ஜெர்சியின் முதுகில் இருக்கும் மூன்று பைகளும் ஆர்லெத்தின் பொறுப்பு. ஓட்டுகிறவனுக்குக் கை எட்டாது என்பதால், பழம், கைக்குட்டை, வரைபடம் எல்லாவற்றையும் அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். வாழைப்பழத்தைத் தேடிக் கைவிட்டாள். நாலாக மடித்த ஒரு காகிதம் வந்தது. பின்சீட்டில் கைக்கு வேறென்ன வேலை? மிதித்துக்கொண்டே பிரித்துப் படித்தாள்.

கண் டாக்டர் அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை எழுதிய கடிதம். அன்றைக்குப் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லி, இந்த ஜெர்சியோடுதான் கிளம்பினான். "மார்ச் மாதமே உங்களிடம் சொன்னபடி" என்று ஆரம்பித்தது. இரண்டு கண்ணிலும் மையப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, கார் ஓட்டக் கூடாது, சாலையில் சைக்கிளும் ஓட்டக் கூடாது என்று இருந்தது.

ஆர்லெத் இரண்டு காலையும் விறைத்துக்கொண்டு பெடலை அமுக்கிப் பிடித்தாள். பின்சீட்டுக்காரிக்கு இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான்.

"என்னடி பண்றே? மிதி!"

"மாட்டேன்."

"ஏத்தத்துல நிறுத்தினா விழுந்துடுவோம்!"

"விழுவோம். நேத்து விழலையா? நிறுத்துய்யா வண்டியை."

வண்டி ஒரு திராட்சைத் தோட்டத்து ஓரமாக நின்றது. அவள் கடிதத்தை அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். அவன் அதைப் பார்க்காமலே தெரிந்துகொண்டான்.

"என் பையில யாரு உன்னைக் கைவிடச் சொன்னது?"

"முப்பத்தொரு வருஷமா அந்தப் பையில கைவிட்டுத்தான்யா உனக்குப் பழம் உரிச்சுக் குடுக்கிறேன்! ஒளிச்சு வைக்க உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"கத்தாதே. தோட்டத்துல ஆளுங்க இருக்காங்க. ஓரத்துல எல்லாம் எனக்கு நல்லாத்தான் தெரியுது. நடுவுல மட்டும் கொஞ்சம் மங்கல்."

"ரோடு எங்கய்யா இருக்கு? நடுவுலதானே இருக்கு! மார்ச்சுலேருந்து என்னைப் பின்னாடி வெச்சுக்கிட்டு எதைப் பார்த்து ஓட்டினே?"

"பழக்கத்துல ஓட்டினேன்."

ஆறு மாதமாகக் கண் தெரியாத ஒருவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, "ஆடாதடி" என்று திட்டு வாங்கியிருக்கிறாள். பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் என்ற வெறி.

"இறங்கு. நான் முன்னாடி உட்கார்றேன்."

"உனக்கு ஓட்டத் தெரியாது."

"உனக்குப் பார்க்கத் தெரியாது. இறங்கு."

"பின்சீட்டுல நானா? முடியாது."

"அப்போ சோமூர் வரைக்கும் நடந்து வா."

முன்சீட்டின் பூட்டைத் திறந்து அடிவரைக்கும் இறக்கினாள். அப்படியும் அவள் கால்விரல்தான் தரையில் பட்டது. அந்த நேரம் பார்த்து எர்வேயும் இன்னும் நாலு பேரும் ஏறி வந்து நின்றார்கள்.

"என்ன ரோலான், வண்டி மக்கர் பண்ணுதா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. இனிமே நான் ஓட்டப் போறேன்" என்றாள் ஆர்லெத்.

எர்வே புருவத்தைத் தூக்கினார். "வேணாம்மா. கனமானவங்க பின்னாடி உட்கார்ந்தா வண்டி வால் ஆட்டும். மேலே போனதும் இறக்கம் வேற. ஏன் ரோலான், நீயாவது சொல்லக் கூடாதா?"

ரோலான் அவள் கையிலிருந்த காகிதத்தையே பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது. எர்வேயிடம் நீட்டி, உரக்கப் படியுங்கள் தலைவரே என்று அவள் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அப்புறம் அதை மடித்துத் தன் ஜெர்சிக்குள் செருகிக்கொண்டாள். அவன் மேல் இரக்கம் வந்து அல்ல. கிளப்பே கூடி நின்று அவன் தோளைத் தட்டும், அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

"எனக்கு முதுகு பிடிச்சிருக்கு. அவளே ஓட்டட்டும்" என்றான் ரோலான் தரையைப் பார்த்து.

பின்சீட்டில் ஏறினான்.

முதல் நூறு மீட்டர் வண்டி குடித்தவன்போலப் போனது. ஒருவன் "யாரும்மா கேப்டன்?" என்று கத்திக்கொண்டு தாண்டிப் போனான். பின்னாலிருந்து ரோலான் ஓயவில்லை. "கியரை மாத்து. இப்ப இல்ல, இப்ப! இறுக்கிப் பிடிக்காதே. ஓரமாப் போ."

"வாயை மூடிக்கிட்டு மிதி. காலைத் தளர்த்தினா எனக்குத் தெரியும்."

மெல்ல வண்டி நேரானது. மேட்டு நிலத்தில் காற்று நெஞ்சில் வந்து அடித்தது. முப்பத்தொரு வருஷமாக அந்தக் காற்றை அவன்தான் வாங்கிக்கொண்டிருந்தான். அடுத்த மரம் வருவது தெரிந்தது, அடுத்த வளைவு வருவது தெரிந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. இவ்வளவுதானா, இதைத் தரவா இத்தனை வருஷம் அவனுக்கு மனசு வரவில்லை என்று நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

மேட்டின் விளிம்பில் சாலை சட்டென்று கீழே விழுந்தது. அவள் பிரேக்கைப் பிடித்தாள். கீழே லோத் ஆறு ஒரு முழு வட்டம் அடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. வட்டத்துக்குள்ளே திராட்சைத் தோட்டங்கள், பாதி பச்சை, பாதி சிவப்பு. எதிர்ப்பாறையில் இடிந்த கோட்டை ஒன்று.

"இந்த வழியா நாம எத்தனை தடவை வந்திருக்கோம்?" என்று கேட்டாள்.

"பன்னிரண்டு. ஏன் நிறுத்திட்டே? கவனம். ஏழு வளைவு இருக்கு. மூணாவதுல உள்பக்கம் தார் பெயர்ந்து கிடக்கும். அஞ்சாவதுல சாக்கடை மூடி ஒண்ணு, மழைன்னா வழுக்கும். கடைசி வளைவுல எப்பவும் சரளைக்கல்."

"அந்தக் கோட்டைக்குப் பேரு என்னய்யா?"

"எந்தக் கோட்டை?"

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "ஆத்துக்கு அந்தப் பக்கம். பாறை மேல."

"அங்க கோட்டை இருக்கா?"

"கண்ணு நல்லா இருந்தப்போ வந்தியே, பதினோரு தடவை! அப்போ என்னத்தைய்யா பார்த்தே?"

"ரோட்டைப் பார்த்தேன்" என்றான் ரோலான். "நீ பின்னாடி உட்கார்ந்திருந்தியே. உன்னைக் கீழே போட்டுடக் கூடாதில்ல?"

அவளுக்கு அவனை அறையலாம்போல இருந்தது. அவன் பார்த்து அனுபவித்தான் என்றால் திருடன் என்று திட்டலாம். அவனும் பார்க்கவில்லை. இரண்டு பேரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எழுபத்தோராயிரம் கிலோமீட்டர் வீண். அதையும் அவளுக்காகச் செய்தேன் என்று இப்போது கணக்குத் தீர்க்கிறான்.

"நான் கேட்டேனாய்யா? ஒரு நாளாவது கேட்டேனா, எனக்காக ரோட்டைப் பாருன்னு? நிறுத்திக் காட்டியிருந்தா கால் தேஞ்சா போயிருக்கும்?"

"கிளப்புல நேரம் குறிக்கிறாங்களே. நிறுத்தினா நேரம் போயிடுமே." குரல் இறங்கிப்போயிருந்தது. "வேணாம் ஆர்லெத், உருட்டிக்கிட்டே இறங்கிடலாம்."

"ஏறு" என்றாள்.

இறங்கினார்கள். முதல் வளைவிலேயே அவன் கனம் பின்னாலிருந்து அவளைத் தள்ளியது. கண் தெரியாத எண்பத்தைந்து கிலோ ஆள் அவள் கையில் இருந்தான். பிரேக்கைப் பிடித்த விரல்கள் மரத்தன. மூன்றாவதில் தார் பெயர்ந்துதான் கிடந்தது, ஒதுங்கினாள். ஐந்தாவதில் சாக்கடை மூடி. ஏழாவதில் சரளை. அடிவாரத்தில் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினாள்.

ரோலான் மூச்சை விட்டான். "நல்லா ஓட்டினே" என்றான். பிறகு தயங்கித் தயங்கி, "என்னென்ன தெரிஞ்சுது? சொல்லேன்" என்று கேட்டான்.

இறங்கும்போது அவள் கண் சாலையை விட்டு நகரவே இல்லை. மேலே நின்றபோதும் பாதி நேரத்தைச் சண்டையிலேயே விட்டிருந்தாள்.

"தாரு" என்றாள். "தாரு தெரிஞ்சுது."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அங்கேயே அவனை விட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போயிருப்பாள். அவள் இறங்கி, அவன் கையைப் பிடித்து இழுத்து முன் ஹேண்டில்பார்மேல் வைத்தாள்.

"பிடிச்சுக்கோ."

"எங்கடி போறே? எல்லாரும் சாப்பிடக் காத்துக்கிட்டிருப்பாங்க."

"பார்த்துட்டு வரேன்."

வந்த சாலையிலேயே திரும்பி, புண்பட்ட முழங்காலை இழுத்துக்கொண்டு, ஏழு வளைவையும் நடந்தே ஏறத் தொடங்கினாள்.