மதகுப் பலகையை எடுக்கச் சொல்ல யாருக்கு அதிகாரம்?

இருபது வருடமாகக் காரைக்காலில் ஓர் அரசுக் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறேன். ரோமாபுரியின் 'இம்பீரியம்' வரும் வாரத்தில் எனக்கே ஓர் உற்சாகம் பிறந்துவிடும். கட்டளையிடும் உச்ச அதிகாரம் என்று பொருள் சொல்வேன். அது கையில் இருப்பவர் படை நடத்தலாம், வழக்குத் தீர்க்கலாம், தலையையும் வாங்கலாம். அவர் தெருவில் வந்தால் முன்னால் ஆட்கள் பிரம்புக்கட்டைச் சுமந்து நடப்பார்கள். ஊருக்கு வெளியே அந்தக் கட்டில் கோடரி செருகியிருக்கும். ஊர் எல்லைக்குள் நுழைந்தால் கோடரியை எடுத்துவிட வேண்டும். அதிகாரம் யாரிடம் இருக்கிறது, எதுவரை செல்லும் என்பது அங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பெருமையாகக் கரும்பலகையைத் துடைப்பேன். போன ஐப்பசி அடைமழை அந்தப் பெருமையில் மண்ணை அள்ளிப் போட்டது.

என் அக்காவுக்குக் குரும்பகரத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம். அத்தான் இறந்த பிறகு அவளேதான் சாகுபடி செய்கிறாள். சம்பா நட்டு இருபது நாள்கூட ஆகவில்லை, மூன்று நாள் மழையில் வயல் மொத்தமும் முழுகிவிட்டது. முழுகுவது புதிதல்ல, வடிந்துவிடும். இந்த முறை வடியவில்லை. வடிகால் வாய்க்காலின் கோடியில் ஒரு சின்ன மதகு இருக்கிறது. கோடையில் மாடு கன்று குடிக்கத் தண்ணீர் நிற்கட்டும் என்று யாரோ அதில் ஐந்து மரப்பலகைகளைச் செருகியிருந்தார்கள். அதை எடுத்தால் தீர்ந்தது. இளம்பயிர் தண்ணீருக்குள் ஐந்து நாள் தாக்குப்பிடிக்கும், அதற்குமேல் அழுகிவிடும்.

ஐந்து பலகை! ஆனால் மதகு எல்லையில் இருக்கிறது. இந்தக் கரை எங்களுடையது, அந்தக் கரை தமிழ்நாடு.

முதல் நாள் எங்கள் பக்கத்து அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "கரை நம்மளுதுதான் மேடம். ஆனா மதகு அவங்க கட்டுனது. நாம கை வச்சா பிரச்சினையாயிடும்ங்க." சரி என்று மழையில் நனைந்துகொண்டு அந்தப் பக்கம் போனேன். "மதகு நாங்க கட்டுனதுதாங்க. ஆனா தண்ணி உங்க ஊர்த் தண்ணியாச்சே. உங்க பக்கத்துலேர்ந்து லெட்டர் வரட்டும், எடுத்துடலாம்" என்றார்கள். லெட்டருக்காகத் திரும்பி வந்தால், "லெட்டர் போடணும்னா மேல கேக்கணும்ங்க" என்றார் முதலில் பேசிய அதே மனிதர். மேலே என்றால் புதுச்சேரி. தமிழ்நாட்டுக்குள் புகுந்து மணிக்கணக்கில் பஸ்ஸில் போனால்தான் எங்கள் தலைநகரம் வரும். போனாலும் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஒரு பக்கம், நியமிக்கப்பட்டவர்கள் ஒரு பக்கம். அதற்கும் மேலே டெல்லி. ஐந்து பலகைக்கு டெல்லி! எனக்கு வாயில் நன்றாக வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் இதே கூத்துதான். மனுக்களில் சீல் குத்திக் கொடுத்தார்கள். அந்தச் சீலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ரோமாபுரியிலும் உச்சியில் ஒருவரல்ல, இரண்டு பேர். ஒருவர் போடும் உத்தரவை மற்றவர் வேண்டாம் என்று நிறுத்திவிடலாம். அதிகாரம் தறிகெட்டுப் போகாமல் இருக்க எவ்வளவு அழகான ஏற்பாடு என்று வகுப்பில் சிலாகித்திருக்கிறேன். என்னைச் சொல்ல வேண்டும்! எங்கள் ஊரில் தடுக்கிற அதிகாரம் பியூன் வரைக்கும் இருக்கிறது, எடு என்று சொல்கிற அதிகாரம்தான் எவரிடமும் இல்லை. ஆபத்துக் காலத்தில் ரோமர்கள் ஒரே ஒருவரிடம் ஆறு மாதத்துக்கு எல்லாவற்றையும் ஒப்படைப்பார்கள். எனக்கு ஆறு மாதமெல்லாம் வேண்டாம். அரை மணி நேரத்துக்கு ஓர் ஆள் கிடைத்தால் போதும்.

நான்காம் நாள் காலையில் அக்கா போன் செய்தாள்.

"இன்னமும் மனு எழுதிக்கிட்டுத்தான் இருக்கியா?"

"இன்னைக்கு ஒருத்தர் வந்து பாக்குறேன்னு சொல்லியிருக்காருக்கா."

"அவரு வந்து பாக்கட்டும். நாங்க எடுக்கப் போறோம்" என்று வைத்துவிட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது, அக்காவும் பக்கத்து வயல்காரப் பெண்கள் நான்கு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கடப்பாறையால் நெம்பிக்கொண்டிருந்தார்கள். முதல் பலகை ஊறிப் பருத்துப்போய் அசைய மறுத்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி அதன் விளிம்பைப் பிடிக்கக் குனிந்தேன். அக்கா சட்டென்று என் கையைத் தள்ளிவிட்டாள்.

"நீ தொடாதே. நீ கவர்மென்ட் சம்பளம் வாங்குறவ. நாளைக்கு உன் வேலைக்கு உலை வச்சிடுவானுங்க."

கையை எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. கரையேறிக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்று பலகைகள் வந்ததுமே தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. ஒரு மணி நேரம் ஆகியிருக்காது, அந்தக் கரையில் ஒரு ஜீப், இந்தக் கரையில் ஒரு ஜீப். நான்கு நாளாக வழி தெரியாதவர்களுக்கு இப்போது வழி தெரிந்துவிட்டது.

"யாரைக் கேட்டும்மா பலகைய எடுத்தீங்க?"

அக்கா நெற்றி நீரை வழித்துவிட்டு நிமிர்ந்தாள். "யாரைக் கேக்கணும்னுதான் சார் நாலு நாளா கேட்டுக்கிட்டிருக்கோம். நீங்களே சொல்லுங்க, கேக்குறோம்."

மதகு எங்களுடையது, விசாரணை நாங்கள்தான் செய்வோம் என்றது அந்தக் கரை. ஆட்கள் எங்கள் ஊர், விசாரிப்பது நாங்கள்தான் என்றது இந்தக் கரை. நேற்றுவரை யாருக்கும் சொந்தமில்லாத மதகுக்கு என்ன கிராக்கி! கடைசியில் இரண்டு பேருமே தனித்தனியாக எழுதி வாங்குவது என்று முடிவானது.

எழுதும்போது எங்கள் பக்கத்தவர் என்னைப் பார்த்தார். "மேடம் கவர்மென்ட் காலேஜ்தானே? நீங்களும் பலகைய…"

"இல்லை சார். நான் தொடலை."

அவரைக் கேட்டு முடிக்கக்கூட விடவில்லை நான். பொய்யும் சொல்லவில்லை. அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டாள்.

மேட்டில் இருந்த நான்கு மா தப்பித்தது, பள்ளத்து இரண்டு மா அழுகிப்போனது. ஒரு மாதம் கழித்து அக்காவுக்கு இரண்டு அலுவலகங்களிலிருந்தும் நேரில் வரச் சொல்லி நோட்டீஸ் வந்தது. துணைக்கு வரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம், உனக்குக் காலேஜ் இருக்கும்" என்றாள். செமஸ்டர் லீவு விட்டிருந்தது அவளுக்கும் தெரியும்.