பாலத்தைக் கடந்த பனிமணிகள்

ரின்ஸ்கே பிறந்தது மணல் ஏற்றிப் போகும் சரக்குப் படகில். கட்டிக்கொண்டதும் படகுக்காரனைத்தான். ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் கால்வாய்களில் போகாத தண்ணீர் இல்லை, இறங்காத துறை இல்லை என்று ஓடித் திரிந்தவளுக்கு, சொந்தம் என்று சொல்லிக்கொள்ளப் படகுக் கூரையில் இருந்த ஜெரேனியப் பூத்தொட்டி மண்தான் உண்டு. கணவன் வீபேயின் இடுப்பு மக்கர் பண்ணத் தொடங்கியதும் படகை விற்றார்கள். வோல்சும் ஊரின் சின்னத் தூக்குப் பாலத்தைக் காத்து, படகு வந்தால் தூக்கி வழிவிடும் வேலை ரின்ஸ்கேவுக்குக் கிடைத்தது. பாலத்துக்கு இந்தக் கரையில் காவல் வீடு. அந்தக் கரையில் பழைய மாளிகை ஒன்றின் தோட்டம்.

வந்த முதல் வருஷம், பிப்ரவரி மாதம். மழை பெய்து ஊரில் பனியெல்லாம் கரைந்து போயிருந்தது. மாளிகைத் தோட்டத்து மரங்களின் அடியில் மட்டும் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது.

"அங்க மட்டும் ஏன் உருகல?" என்றாள் ஜன்னலோரம் நின்று.

"பணக்காரங்க வீட்டுப் பனி, மெதுவாத்தான் உருகும்" என்றான் வீபே.

அவளால் உட்கார முடியவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனாள். கிட்டே போனபிறகுதான் தெரிந்தது, அது பனி இல்லை, பூ. விரல் உயரத் தண்டில் தலை கவிழ்ந்து தொங்கும் வெள்ளைப் பூக்கள். நடுவே தங்கக் காசைக் கொட்டியதுபோல மஞ்சள் பூ ஒரு கூட்டம். மரத்தில் ஒரு இலை கிடையாது. காற்று காதை அறுத்துக்கொண்டிருந்தது. 'இந்தக் குளிரில் இதுகளுக்கு என்ன அவசரம்?' என்று அவளுக்குத் தோன்றியது. மற்றவர்களுக்கு அது பனிமணி, வருஷா வருஷம் பூப்பது, அவ்வளவுதான். ரின்ஸ்கேவோ நாற்பத்தைந்து வயதில் அதை முதன்முதலாகப் பார்க்கிறாள்.

அன்றிலிருந்து குளிர்காலத்தின் கடைசி வாரங்கள் அவளுக்குத் திருவிழா. அந்த நாட்களில் படகுகளும் வராது. காபிக் கோப்பையோடு காலையிலேயே கிளம்பிவிடுவாள். வெயில் சற்றே பட்டதும் பூவின் மூன்று வெளி இதழ்கள் விரிவதையும், மேகம் மறைத்ததும் கூம்பிக்கொள்வதையும் பார்த்துக்கொண்டே நிற்பாள். கவிழ்ந்த பூவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஈரத்தரையில் மல்லாந்து படுத்துவிடுவாள். உள்ளே பச்சைக் கோடுகள், தேன்போல ஒரு மெல்லிய மணம். ஒருமுறை சைக்கிளில் போனவர் பதறி இறங்கி, "அம்மா, விழுந்துட்டீங்களா?" என்று ஓடிவந்தார். "இல்லீங்க, நீங்களும் படுத்துப் பாருங்க" என்றாள். அவர் படுக்கவில்லை, ஊரெல்லாம் போய்ச் சொன்னார்.

சில வருஷங்கள் போயின. ஒரு பிப்ரவரியில் காவல் வீட்டு வாசலோரம், செங்கல் இடுக்கில், பனிமணி எட்டிப் பார்த்தது. மறுவருஷம் சுவரோரம் இன்னும் சில குத்துகள். ரின்ஸ்கேவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் எதையும் நட்டதில்லை, நடவும் தெரியாது.

அந்த வருஷம் பார்த்து மாளிகைத் தோட்டத்தில் யாரோ பனிமணிக் கிழங்குகளைத் தோண்டிக்கொண்டு போயிருந்தார்கள். பூ பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே காபி ஊற்றுகிற வேலை வீபேயின் தங்கை டவுட்சனுக்கு. வாய்க்கும் மனசுக்கும் நடுவில் கதவே வைத்துக்கொள்ளாதவள். நேரே பாலத்தைக் கடந்து வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அண்ணி, இது எங்கேருந்து வந்துச்சு?"

"அதத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"தானா நடந்து வந்துச்சாக்கும்?"

"வந்திருக்கலாம். எப்படின்னுதான் தெரியல."

"வெளையாடாதீங்க. பேக்கரியில என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? தரையில படுத்துப் படுத்துப் பாத்தவ, எந்திரிக்கும்போது சும்மாவா எந்திரிச்சிருப்பான்னு கேக்கறாங்க. எனக்கு மூஞ்சியக் காட்ட முடியல."

ரின்ஸ்கேவின் முகம் சிவந்துவிட்டது. அன்று ராத்திரி பட்டாணி சூப்பைக் கிண்டியபடி வீபேயிடம், "திருடின்னு சொன்னாகூடப் பரவாயில்ல. ஆனா அது எப்படித்தான் இந்தப் பக்கம் வந்துச்சு?" என்றாள்.

"விட்டுத் தொலையேன்."

"விட முடியலையே!"

பூக்கள் வாடிய பிறகும் அவள் விடவில்லை. பறவை கொண்டுவந்ததா? காற்றா? வாத்தின் காலில் ஒட்டிக்கொண்டு வந்ததா? பூ உதிர்ந்த தண்டில் பச்சைக் காய் பருத்து, கனம் தாங்காமல் தரையில் சாய்வதைப் பார்த்தாள். ஜூன் மாதம் ஒரு காய் வெடித்துக் கிடந்தது. உள்ளே வெளிறிய விதைகள். ஒவ்வொன்றுக்கும் சதைப்பிடிப்பான ஒரு சின்ன வால். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு எறும்பு வந்து வாலைக் கவ்வி விதையை இழுத்துக்கொண்டு நடந்தது. பின்னாலேயே இன்னொன்று. ரின்ஸ்கே முழங்காலில் தவழ்ந்து தொடர்ந்தாள். எறும்புகள் தோட்டத்து வேலியைத் தாண்டின, கரையேறின, பாலத்தின் மரப்பலகை மேல் வரிசை கட்டின.

அவள் வீட்டுக்கு ஓடி டவுட்சனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "உடனே வா. திருடனைப் பிடிச்சிட்டேன்!"

கையில் மாவோடு வந்தாள் டவுட்சன். பாலத்தின் நடுவில் நாலு காலில் நின்ற அண்ணியைப் பார்த்து, "ஐயோ, முத்திடுச்சா?" என்றாள். பிறகு அவளும் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பாய்மரப் படகு வந்து ஹாரன் அடித்தது.

"என்னம்மா, பாலத்தத் தூக்க மாட்டீங்களா?" என்று கத்தினார் படகுக்காரர்.

"கொஞ்சம் பொறுங்க! ஆளுங்க கடந்துக்கிட்டிருக்காங்க!"

"ஒருத்தரையும் காணோமே? உங்க ரெண்டு பேரோட பின்பக்கம்தான் தெரியுது!"

டவுட்சன் சிரித்துச் சிரித்துப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். படகுக்காரர் மூன்றாம் முறை ஹாரன் அடித்தபோது வேறு வழியில்லை. ரின்ஸ்கே டவுட்சனை எழுப்பிக் கரைக்கு இழுத்துப் போய், மனசில்லாமல் பாலத்தைத் தூக்கினாள். பலகை செங்குத்தாக எழுந்தது. விதையைக் கவ்விய எறும்புகள் அசரவில்லை; தரை சுவரானது தெரியாததுபோல ஏறிக்கொண்டே போயின. விளிம்புக்குப் போனதும் இரண்டு குழம்பிச் சுற்றின. படகு போனதும் பாலம் இறங்கியது. வரிசை மறுபடி கூடி, காவல் வீட்டுச் செங்கல் இடுக்குக்குள் நுழைந்தது. இரண்டு பெண்களும் அங்கேயும் காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து, வால் தின்னப்பட்ட ஒரு மொட்டை விதையை எறும்பொன்று வெளியே கொண்டுவந்து போட்டது.

"தின்னுட்டுக் குப்பையில வீசுதுங்க" என்றாள் டவுட்சன் வியந்துபோய். "அந்தக் குப்பைதானா பூ?"

"முளைச்சுப் பூக்கறதுக்கு வருஷக்கணக்கா ஆகுமாம். வாசல்ல இருக்கற மொதப் பூ, நாங்க படகுல இருந்தப்பவே கிளம்பினதாக்கூட இருக்கும்."

டவுட்சன் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அது அவள் பழக்கமில்லை. மறுநாள் சர்க்கரைக் கட்டிகள் நிறையப் போட்ட ரொட்டி ஒன்று காவல் வீட்டு மேஜையில் இருந்தது. பேக்கரியில் அவள் போட்ட சத்தத்தில் பேச்சு அன்றோடு நின்றது. கிழங்குகளைத் தோண்டியது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

அடுத்த பிப்ரவரியில் தோட்டத்துக்கு வந்தவர்களைக் காபி முடிந்ததும் டவுட்சன் பாலத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். "இது எங்க அண்ணி வீட்டு எறும்பு நட்டது" என்று ஏதோ குடும்பச் சொத்தைக் காட்டுவதுபோலக் காட்டினாள். வந்தவர்களில் சிலர் ரின்ஸ்கேவைப் போலவே கோட்டை விரித்துப் படுத்து, பூவுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

ரின்ஸ்கே அந்தக் கூட்டத்தில் இல்லை. கால்வாயை ஒட்டிக் குனிந்தபடி நடந்துகொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட? சூப் ஆறுது" என்று கூப்பிட்டான் வீபே.

"தேவாலயத்துக்குப் பின்னால பள்ளத்துல, அந்தத் தோட்டத்து மஞ்சள் பூ ஒண்ணு தனியா நிக்குதாம். அதுக்கு விதையில எறும்பு இழுக்கற வாலே கிடையாதுங்க. பின்ன எப்படிப் போச்சு?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் போய்விட்டாள்.