கோழி ஷெட்டில் குடியேற்றம்

கரும்பு வெட்டும் கத்தியை மடியில் கிடத்திக்கொண்டு, வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மென்ற மேஸ்திரியம்மாவை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. பரமத்தி வேலூர் பக்கத்தில் இருக்கும் என் மச்சானின் தோட்டத்துக்கு, கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து வெட்டாட்களைக் கூட்டி வருபவர் அவர்.

ஆட்கள் தங்க மச்சான் ஒதுக்கிய இடம் வாய்க்கால் ஓரம். காய்ந்த கரும்புச் சோகையில் குடிசையை அவர்களே வேய்ந்துகொள்ள வேண்டும்; குளிப்பும் குடிப்பும் வாய்க்காலில். கூப்பிடு தூரத்தில் மச்சானின் கறிக்கோழி ஷெட். அங்கே வெயிலுக்கு மின்விசிறி, மழைக்குப் படுதா, மருந்து கலந்த தொட்டித் தண்ணீர், தும்மினால் தேடி வரும் வைத்தியர். சில வாரமே வாழும் கோழிக்கு இவ்வளவு செய்பவரைக் கஞ்சர் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

நான் ஓய்வு பெற்ற வருடம், ஆட்கள் வந்து இறங்கியதுமே மழை பிடித்துக் குடிசைகள் ஒழுகின. ஒருத்தியின் கைக்குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்து, இனி ஈரத்தில் படுக்க வைக்கக் கூடாது என்று சொல்லியனுப்பினார்கள். கோழி ஷெட் அப்போது காலி. அதைக் கேட்டார் மேஸ்திரியம்மா.

"அடுத்த வாரம் குஞ்சு வருதுங்கம்மா. சுண்ணாம்பெல்லாம் அடிச்சு வெச்சிருக்கறன்" என்றார் மச்சான்.

வருவாய்த்துறையில் காலம் தள்ளிய நான் சும்மா இருப்பேனா? வெளியூர்த் தொழிலாளர் தங்குமிடம் பற்றி யாருக்கு மனு, யாருக்கு நகல், எப்போது நினைவூட்டு என்று மேஸ்திரியம்மாவுக்கு விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அதுக்குள்ள இந்தக் கொழந்த பள்ளிக்கூடம் போயிடும் சார்" என்றார்.

மறுநாள் காலை கரும்பை ஆலைக்கு ஏற்றிப் போக லாரி வந்து நின்றது. மேஸ்திரி கற்பூரம் காட்டி முதல் கரும்பைச் சாய்க்காமல் அந்த ஆட்கள் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள். அவரோ கற்பூரப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

"ஏனுங்கம்மா, லாரி நிக்குதில்லீங்க?" என்றார் மச்சான்.

"நல்ல நேரம் வரல மொதலாளி."

"எப்பத்தான் வரும்?"

"கொழந்தைக்கு ஒரு ஈரமில்லாத எடம் கெடைக்கட்டும். தானா வரும்."

லாரி டிரைவர், "அப்ப நான் ஊட்டுக்குப் போய்ச் சாப்புட்டுட்டு வாரேனுங்களா?" என்று கேட்டு, மச்சானின் முறைப்பை வாங்கிக்கொண்டார்.

மச்சான் என்னைப் பார்த்தார். வேலைநிறுத்தம் என்றால் முன்னறிவிப்பு கொடுத்தீர்களா என்று கேட்கலாம். நல்ல நேரத்தின் மேல் நடவடிக்கை எடுக்க எந்த விதியிலும் இடமில்லை. அப்படியே சொன்னேன்.

வெயில் ஏறுவதற்குள் ஷெட் சாவி கைமாறியது. குஞ்சுக்காரருக்குப் போன் போட்டு, "அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க" என்றார் மச்சான். குழந்தையைக் காய்ந்த தரையில் பாய் விரித்துக் கிடத்திய பிறகுதான் வயலில் கற்பூரம் எரிந்தது. இரண்டொரு நாளில் குழந்தையின் அழுகை லாரி ஹாரனுக்குப் போட்டியாகக் கேட்டது. இப்போதெல்லாம் வெட்டுப் பருவத்தில் மச்சான் குஞ்சே விடுவதில்லை. ஏதோ தானே யோசித்துக் கண்டுபிடித்த ஏற்பாடு போல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த வருடம் ஆட்கள் ஷெட்டில் குடியேறிய மறுநாள் சாயங்காலம், மின்விசிறி ஓடுகிறதா என்று பார்க்க வழக்கம் போல விறுவிறுவென்று ஷெட்டுக்குப் போனார் மச்சான். படுதாவைத் தொட்டதும் உள்ளிருந்து மேஸ்திரியம்மாவின் குரல் வந்தது.

"யாரு அது? பொம்பளைங்க பொழங்குற எடம். கொரல் குடுத்துட்டு வரணும்."

மச்சான் கையை எடுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றினார். தொண்டையைக் கனைத்தார்.

"நாந்தானுங்க. உள்ள வரலாமுங்களா?"

வரச் சொல்லலாமா என்று உள்ளே பெண்கள் கொஞ்ச நேரம் கலந்து பேசினார்கள்.