நாலு மணி நேரத் தூரம்

நீதிமன்றத்தில் அவளுக்கு ‘அஞ்சு நிமிஷம் அக்கா’ என்று பெயர் விழுந்து ஏழு வருஷம் இருக்கும். சாட்சி சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வது வேலை. வேகத்தில் அவளை அடித்துக்கொள்ள அந்தக் கட்டிடத்தில் ஆளில்லை. ஆனால் பெருங்குடலில் புண். தீராது, அடக்கி வைக்கலாம் என்று டாக்டர் முதல் நாளே கையை விரித்துவிட்டார். குறுக்கு விசாரணை சூடுபிடிக்கும் நேரமாகப் பார்த்து வயிறு முறுக்கும். எழுந்து நின்று, “ஐயா, அஞ்சு நிமிஷம்” என்பாள்.

ஒருநாள் நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “போயிட்டு வாங்கம்மா. சட்டம் காத்திருக்கும், உங்க வயிறு காத்திருக்காது.”

வக்கீல்கள் சிரித்தார்கள். கூண்டில் நின்ற திருடனும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அடுத்த முறை கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசியில் ஓடியபோது கழிவறைக்குப் பத்தடி முன்னாலேயே எல்லாம் முடிந்துபோயிற்று. கூட்டிக்கொண்டிருந்த துப்புரவுக்காரம்மா ஒரு வார்த்தை கேட்காமல் தன் மாற்றுத் துணியை எடுத்துக் கொடுத்தாள். வீட்டில் யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை.

மருந்து மாற்றினார்கள், ஒரு வருஷத்தில் புண் ஆறியது. பயம் ஆறவில்லை. வேலை முடியும்வரை பட்டினி கிடந்தாள். கழிவறை எங்கே என்று தெரியாத இடத்தில் கால் வைக்க மாட்டாள். கல்யாணம், கருமாதி எதுவும் கிடையாது.

அம்மா அண்ணன் வீட்டில் இருந்தாள். பஸ்ஸில் நாலு மணி நேரம், நடுவில் எங்கும் நிற்காது. இரண்டு தடவை டிக்கெட் எடுத்து ஏறி உட்கார்ந்து, வண்டி கிளம்புவதற்குள் இறங்கிவிட்டாள். “ஏறுறதா இறங்குறதா, ஏதாவது ஒண்ணு பண்ணுங்கம்மா” என்று கண்டக்டர் எரிந்து விழுந்தான்.

“ரிப்போர்ட்ல எல்லாம் சரியா இருக்குன்னு போட்டிருக்கே. இன்னும் என்ன?” என்றார் கணவர். காரில் போகலாம் என்றும் சொல்லிப் பார்த்தார். நடுரோட்டில் நிறுத்தச் சொல்லி டிரைவர் முன்னால் புதருக்குள் ஓடுவதை நினைத்ததுமே அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

“அடுத்த மாசம் வரேம்மா” என்று போனில் சொல்வாள். இரண்டு வருஷமாக அதே அடுத்த மாசம்.

“அண்ணன் ஏதாவது சொல்லிட்டானாடி?” என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

“அதெல்லாம் இல்லம்மா. லீவு கிடைக்கல.”

ஒரு காலையில் அண்ணன் கூப்பிட்டான். அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள்.

அன்று அவள் பஸ் ஏறினாள். கணவர் பக்கத்தில் இருந்தார். மடியில் மாற்றுத் துணி. இப்போது வரும், இதோ வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு மணி நேரமும் வயிறு வாயே திறக்கவில்லை. இறங்கும்போது அதுதான் அவளைக் கொன்றது. ஒருமுறையாவது முறுக்கியிருக்கக் கூடாதா பாழாய்ப்போன வயிறு!

வாசலில் அண்ணன் நின்றிருந்தான். சத்தம் போடவில்லை. “இன்னைக்கு மட்டும் எப்படிம்மா வர முடிஞ்சுது?” என்று கேட்டான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

எல்லாம் முடிந்த பிறகு அண்ணி அவளைக் கொல்லைப்பக்க அறைக்குக் கூட்டிப்போனாள். கட்டிலில் புது விரிப்பு. சுவரை ஒட்டிக் கழிவறை. “அத்தை இந்த ரூமை யாருக்கும் குடுக்க விடல. ‘அவளுக்கு வயித்துக் கோளாறு, வந்தா பாத்ரூம் பக்கத்துலயே இருக்கணும்’னு போன வருஷம் காலி பண்ண வெச்சாங்க.”

அவள் அந்தக் கட்டிலில் உட்காரவில்லை.

ஊர் திரும்பியதும் மனநல டாக்டரிடம் போனாள். பயப்படுகிற விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பழக வேண்டும் என்றார் அவர். முதல் வாரம் பஸ்ஸில் ஒரு நிறுத்தம், அடுத்த வாரம் இரண்டு. சொன்னபடியே செய்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பதினொன்றாவது நிறுத்தம்வரை போய்விட்டாள். டாக்டருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். “இன்னும் ஆறு மாசத்துல எங்க வேணும்னாலும் போகலாம்மா” என்றார்.

“எங்க போறது டாக்டர்?” என்றாள்.

அவர் அதை முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டு ஏதோ எழுதினார்.