இரண்டு கோசோங்

காப்பீட்டுப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் நான் இன்றும் அதைத் தாண்டிப் போவதில்லை. போன வாரம் கிளமெண்டியில் மகள் தன் கார் காப்பீட்டைப் புதுப்பித்தபோது, 'விபத்துகள்' என்ற கட்டத்தை நான்கு முறை சரிபார்த்தேன். காரணம், என் ஒன்பதாவது வயதில் நடந்தது.

அப்போது ஃபேரர் பார்க்கில் லாரிக்காரர்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு விபத்து நிதி நடத்தினார்கள். யார் எவ்வளவு சந்தா கட்டுவது என்று தீர்மானித்தவர், அலுவலகம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் அப்பா. மூன்று வருடம் எங்கும் மோதாதவன் நல்ல ஓட்டுநராக இருக்கலாம். வெறும் அதிர்ஷ்டக்காரனாகவும் இருக்கலாம். எனவே சந்தாவைக் கணக்கிடும்போது எல்லாருடைய விபத்துச் சராசரிக்கும் ஐந்து பங்கு. ஒருவன் ஓட்டிய வருடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு. அந்த ஐந்து தன் ஊகம்தான் என்பதை அப்பா மறந்ததே இல்லை. அது தவறாக இருந்தால்? பத்து என்று வைத்தும் போட்டுப் பார்ப்பார். அப்போதும் ஒருவனுடைய சொந்தப் பங்கு மொத்தத்தில் கால் பாகத்துக்குக் குறையாமல் நின்றால்தான் சலுகை.

அம்மாவின் தம்பி, என் மாமா, கிராஞ்சியிலிருந்து காய்கறி ஏற்றிவந்தார். சந்தா குறையாவிட்டால் லாரியை விற்கவேண்டிய நிலை. அப்பாவின் நோட்டில் அவர் பெயருக்கு நேரே, விபத்தில்லாத மூன்று வருடங்களுக்கு மூன்று பூஜ்யங்கள்; அதற்கு முந்தைய இரண்டு வருடக் கட்டங்கள் காலி. அந்த இரண்டு வருடமும் மாமா வெளியூரில் இருந்ததாக எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

நோட்டில் கோடு போடுவது என் வேலை. காலிக் கட்டம் எனக்குப் பொறுக்காது.

"மாமா, இந்த ரெண்டு வருஷம் எத்தனை?"

"கோசோங் லா," என்றார், தேநீரை ஆற்றிக்கொண்டே.

எங்கள் ஊரில் காலிக்கும் கோசோங், பூஜ்யத்துக்கும் கோசோங். நான் இரண்டு பூஜ்யம் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், வழக்கம்போல் எல்லார் முன்னிலையிலும் அப்பா கணக்குப் போட்டார். மாமாவின் வரிக்கு வந்ததும் பென்சில் நின்றது.

எட்டிப் பார்த்த ஒருவர், "அஞ்சு வருஷம் சுத்தம்! பத்து வச்சாலும் பதினஞ்சுல அஞ்சு. குறைச்சிடுங்க சார்," என்றார்.

"மச்சானுக்குக் குறைக்க சாருக்கு வெட்கமா இருக்கு," என்று இன்னொருவர் கேலி செய்தார்.

அப்பா அந்த இரண்டு பூஜ்யங்களையே பார்த்தார். அவருக்கு உண்மை தெரியும். லாரியின் நிலையும் தெரியும்.

மாமா எழுந்தார். "அத்தான், அதை அழிச்சிடுங்க. அந்த ரெண்டு வருஷம் நான் வண்டியே ஓட்டல. உள்ள இருந்தேன்."

மற்ற பத்துப் பேரும் தரையைப் பார்த்தார்கள். அப்பா ரப்பரை எடுத்தார். பதின்மூன்றில் மூன்று, கால் பாகத்துக்குக் கீழே. அடுத்த மாதம் லாரி போயிற்று.

அன்று கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது மாமா என் கையைப் பிடித்திருந்தார். திட்டவே இல்லை.

"உள்ளன்னா, வீட்டுக்குள்ளயா மாமா?"

"ஆமா லா. பெரிய வீடு."

இத்தனை நாள் வெளியூர் என்றார்கள். இப்போது உள்ளே என்கிறார்கள். இரண்டில் ஒன்றுதானே சரியாக இருக்க முடியும்? வழி முழுவதும் எனக்கு அந்தக் கணக்குத்தான்.